எட்டும் தூரம்

காட்டுப் பாதையில் ஓடும் ஜீப்புகளுக்குத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டுவது என் வேலை. ஓட்டுபவர் சீட் பெல்ட்டைக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டே எட்டிப் பிடிக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். அக்காவின் பழைய ஜீப்பிலும் அப்படித்தான் மாட்டினேன். முட்டியில் இடிக்கிறது என்று அவள்தான் பின்னால் மாற்றச் சொன்னாள். எஞ்சின் தீப்பிடித்தபோது அத்தான் பெல்ட்டில் சிக்கி எரிந்துபோனார். சிலிண்டர் பின்னால் நிரம்பியபடியே இருந்தது.

இப்போது வேறு ஜீப் வாங்கியிருக்கிறாள்.

"சிலிண்டர மாட்ட பிளாஸ்டிக் பிடி போதுமாடா?"

"ஒரு பள்ளத்துல விழுந்தா தெறிச்சுடும்க்கா. இரும்புதான்."

"என் முட்டி பேந்தாலும் பரவாயில்ல, முன்னாடியே போடு."

அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினேன். "கண்ண மூடிட்டு கைய நீட்டு. எங்க வாகா படுதோ, அங்க சாக்பீஸால குறிச்சுக்கறேன்."

அவள் இருக்கைக்கு முன்னால் கையை இறக்கினாள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் விரல்கள் உருண்டையான எதையோ சுற்றிப் பிடித்து நின்றன. சிலிண்டர் பெட்டி பிரிக்காமல் என் காலடியில் இருந்தது.

"நல்லா எட்டுதுடா," என்றாள். "ஏன் இப்படிச் சுடுது?"

கண்ணைத் திறக்கச் சொல்லாமல், முதலில் அவள் பெல்ட்டைக் கழற்றினேன்.