போதிய ஆதாரம்

"கண்ணைப் பாருங்க சார், படிச்சுப் படிச்சு எப்படிச் சிவந்து கிடக்குன்னு!" என்று மகளின் முகவாயைப் பிடித்து அதிகாரியின் பக்கம் திருப்பினார் சூப்பிரண்டு. மகள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டாள்.

மேல்முறையீட்டு அதிகாரி கண்ணைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தார். மாணவர் விசா மறுப்பு. காரணம்: படிப்பில் சேர்ந்து படிக்கிறார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

அந்தக் கடைசி மூன்று சொல்தான் சூப்பிரண்டின் வயிற்றெரிச்சல். முப்பது வருஷமாக ஆபீசில் உட்கார்ந்து, வந்த மனுவில் எல்லாம் 'போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிய மகாபிரபு அவர். அதே சொல் தன் வீட்டுக்கே தபாலில் வந்து இறங்கியதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு. இன்றும் இல்லையென்றால் கல்லூரி அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்.

சுவரோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள் மனைவி. "நீங்களும் உட்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"அவ நிக்கட்டும் சார். பேப்பர் தூக்கிட்டு வரத்தான் கூட்டிட்டு வந்தேன். இவளுக்கு இதெல்லாம் ஒரு மண்ணும் புரியாது."

ஒரு மண்ணும் புரியாதவள் கேட்பதற்கு முன்பே சேர்க்கைக் கடிதத்தையும் வருகைப் பதிவையும் எடுத்து நீட்டினாள். விசா தாமதமானதால் கல்லூரி கம்ப்யூட்டர் வழியாகவே பாடத்தைத் தொடங்கியிருந்தது. தினமும் மதியம் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் சூப்பிரண்டு ஆபீசில் யார் மனுவையாவது திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்.

"குளிர்பதனக் கிடங்கு நிர்வாகம்" என்று வாசித்தார் அதிகாரி. "அறுபத்திரண்டு வகுப்பு. வந்தது அறுபத்தொண்ணு. அந்த ஒரு நாள் என்னாச்சு?"

மகள் நகத்தைப் பார்த்தாள். "அன்னிக்குக் கரண்ட் போயிடுச்சுங்க" என்றாள் மனைவி.

"உன்னையா கேட்டாரு?" என்று சீறினார் சூப்பிரண்டு. "வாயை மூடிட்டு இரு. காரியத்தைக் கெடுத்துடாதே."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "கம்ப்யூட்டரைத் திறந்து வெச்சுட்டுத் தூங்கப் போற பிள்ளைங்களை நிறையப் பார்த்தாச்சு சார். பாடம் நடத்தறவங்களையே கேட்டுடலாம்." போனில் எண்ணைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தார்.

அவர் விவரம் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் தமிழ்க்காரரான ஆசிரியை உற்சாகமாகிவிட்டார். "அந்தப் பொண்ணா! நெட் சரியில்லன்னு ஒரு நாளும் முகம் காட்டினதில்லை, குரல் மட்டும்தான். ஆனா கேள்வி கேட்டே என்னைத் துளைச்சு எடுத்துடுவா. இந்த வகுப்புல அவதான் முதல்!"

சூப்பிரண்டுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "கேட்டீங்களா சார்? என் ரத்தம்! நல்லவேளை, மூளை விஷயத்துல அம்மா பக்கம் போகாமத் தப்பிச்சா."

"பொண்ணு இங்கதான் இருக்கா. ஒரே ஒரு கேள்வி கேட்டுடுங்க மேடம்" என்றார் அதிகாரி.

"அவளுக்கு இது சப்பைக் கேள்வி. கிடங்கு நிறையப் பெட்டி இருக்கு. எதை முதல்ல வெளியே அனுப்பணும்?"

மகள் கூரையைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா தைரியமாகத் தலையை ஆட்டினார்.

"முதல்ல... வந்த பெட்டியை?"

"பலே! எங்க ஆபீஸ்லயும் அதான் முறை" என்று மேஜையைத் தட்டினார் சூப்பிரண்டு.

"என்னது?" என்றது போன். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றிக் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பேனா அடுத்து என்ன எழுதும் என்பது சூப்பிரண்டைவிட வேறு யாருக்குத் தெரியும்?

சுவரோரம் நின்றவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"இல்லைங்க மேடம், எது முதல்ல கெட்டுப்போகுமோ அதைத்தான் அனுப்பணும். எப்ப வந்துச்சுன்னு பார்க்கக் கூடாது. என்ன தேதி வரைக்கும் தாங்கும்னுதான் பார்க்கணும்."

போனில் கலகலவென்று சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அட, நீ இருக்கியாம்மா! அப்ப முதல்ல பேசினது யாரு?"