எண்பது நாள் நெல்லிக்காய்

பாட்டிலில் மிச்சமிருந்த நெல்லிக்காய் வத்தலைக் கன்னடியன் கால்வாயில் கவிழ்த்தார் முத்துமாலை. பாட்டிலை மூன்று முறை அலசினார்.

"எப்பா, அதுல என்னத்தக் கலந்திய?" மகள் பிரியதர்ஷினி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ எதுக்குட்டி பயப்படுத? எம்பது நாள் நேத்தோட முடிஞ்சிட்டு. இன்னைக்கு அந்த ஆளு மேடை ஏறுவாரு. இறங்கும்போது பழைய ஆளா இறங்க மாட்டாரு."

சேரன்மகாதேவி பஸ் நிறுத்தத்துக்கு அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மகள் அழுதுகொண்டே பின்னால் போனாள்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. உளவியல் துறையில் அப்பா அட்டெண்டர், மகள் இரண்டாமாண்டு மாணவி. துறைத்தலைவர் தில்லைநாயகத்துக்கு இன்றோடு பணி ஓய்வு.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு வகுப்பில் தில்லைநாயகம் மேஜை மணியைத் தட்டினார். வராந்தாவிலிருந்து முத்துமாலை மூச்சிரைக்க ஓடி வந்து நின்றார்.

"பாத்தீங்களா? மணி அடிச்சு அடிச்சுச் சோறு போட்டா, கொஞ்ச நாள்ல வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சி ஊறும். அது பாவ்லோவ் பழக்குன நாய். இது நான் பழக்குன நாய்."

வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் முத்துமாலையின் மகள் இருப்பது தில்லைநாயகத்துக்கும் தெரியும். அதற்காகத்தான் அந்த வகுப்பில் சொன்னார். அன்றோடு அவர் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள் பிரியதர்ஷினி.

மறுநாளே அப்பா மாறிப்போனார். அன்றிலிருந்து கல்லூரி நடந்த எண்பது நாளும், மணி அடித்ததும் தட்டில் நாலு நெல்லிக்காய் வத்தலோடு ஓடினார். புளிப்பில் தாடை கூசும். தில்லைநாயகம் கண்ணை மூடிச் சப்புக்கொட்டித் தின்றார்.

"ஏலே, இப்பதான்லே நல்லாப் பழகிருக்க!"

மணி அடிக்காமல் கேட்டால் மட்டும் வத்தல் வராது. "மணி அடிங்க சார், கொண்டாரேன்" என்பார் முத்துமாலை பணிவாக. அந்தப் பணிவில் தில்லைநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் தில்லைநாயகத்தின் அறையைத் தாண்டும்போதுதான் பிரியதர்ஷினி அதைப் பார்த்தாள். மணியைத் தட்டிய கையோடு அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கீழ்ப் பல்செட்டின் ஓரம் எச்சில் கசிந்து நின்றது.

அவளுக்கு உடனே விஷம்தான் தோன்றியது. முக்கூடல் மாமா வயலுக்கு வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்த அன்றும் முதலில் வந்தது எச்சில்தான். மற்றதெல்லாம் பிறகு.

பஸ்ஸில் அப்பாவின் காதருகே குனிந்தாள். "போலீஸ் கேஸ் ஆயிரும்ப்பா. எனக்காகவாச்சும் விட்டுருங்க."

"உனக்காகத்தான்ட்டி செய்யுதேன். இருவத்திரெண்டு வருசமா வாசல்ல நின்னு அவரு பாடத்தக் கேக்கேன். தப்பாப் போவாது."

மதியம் மூன்று மணி. அரங்கம் நிறைந்திருந்தது. கழுத்து மறையப் பொன்னாடைகளோடு மைக் முன்னால் நின்றார் தில்லைநாயகம். மேடை மேஜையில் அதே மணி.

"வுண்ட் மனசுக்குன்னு ஓர் ஆய்வுக்கூடம் வச்சார். ஃப்ராய்ட் மனசைத் தோண்டினார். வாட்சன் வந்து, மனசை விடு, நடத்தையைப் பாருன்னுட்டார். நான் வாட்சன் கட்சி. நம்ம முத்துமாலைக்கு மனசு இருக்கா இல்லையாங்கிறது எனக்கு முக்கியமே இல்ல. மணி அடிச்சா ஓடி வாரானா? அதான் விஷயம்!"

கைதட்டலும் சிரிப்பும். கல்லூரி முதல்வர் பெர்சிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"கடைசியா ஒரு தடவை, செய்முறை விளக்கம். எல்லாரும் பாத்துக்கிடுங்க."

அரங்கின் கடைசியில், மூடி போட்ட தட்டோடு நின்றிருந்தார் முத்துமாலை. பிரியதர்ஷினி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பா, அந்தத் தட்ட எங்கிட்டக் குடுங்க!"

டிங்.

முத்துமாலை நகரவில்லை.

டிங். டிங்.

"ஏலே, காது அடைச்சிட்டா?" தில்லைநாயகம் சிரிக்கப் பார்த்தார். நாக்கு குழறியது. எதையோ விழுங்கினார். அந்தச் சத்தத்தை மைக் அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

டிங். டிங். டிங்.

கைக்குட்டையைத் தேடி அவர் கை பொன்னாடைகளுக்குள் துழாவியது. அகப்படவில்லை. உதட்டோரம் கசிந்த எச்சில் தாடையில் வழிந்து, பொன்னாடைச் சரிகையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஐயோ, விஷம் ஏறிட்டு! அதுல என்ன கலந்திய, இப்பவாச்சும் சொல்லுங்கப்பா!"

"உப்பும் மொளகாத்தூளும்தான். நெல்லிக்காய்ல வேற என்னத்தக் கலப்பாவ?"

மகளின் கையை மெல்ல விலக்கினார் முத்துமாலை. இருபத்திரண்டு வருடமாக ஓடிய கால்கள் இன்று ஓடவில்லை. பைய, ஒவ்வொரு எட்டாக நடந்து மேடை ஏறினார். தட்டைத் தில்லைநாயகத்தின் முன்னால் வைத்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மூடியைத் திறந்தார்.

"தட்டுல ஒண்ணுமே இல்லியே, சார்!"