கடைசிச் சரணம்

தாழ்வுபாடு ஊர் மைதானத்தில் பொழுது சாய்கிறது. தலை நரைத்த பொப்பிசைக் குழு, ஊருக்கே மனப்பாடமான பாட்டுகளையே பாடிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் கதிரை நுனியில் செலீனா கொதிக்கிறாள். ஒரே பாட்டைக் கேட்டு மூன்று துண்டு எழுதி அனுப்பிவிட்டாள். அறிவிப்பாளர் அவள் பெயரை மட்டும் வாசித்து வாழ்த்துகிறார். கரண்ட் இல்லாத யுத்த காலத்தில், பக்கத்தில் இருக்கும் இதே எமிலியானுஸ், கலியாணத்துக்கு முந்தி, சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற்றை ஓடவிட்டுக் கேட்கவைத்த பாட்டு அது. நாலாவது துண்டை அவளே மேடையேறிப் பாடகரின் கையில் திணித்துவிட்டு வருகிறாள். பாட்டுத் தொடங்குகிறது. அவள் உதடுகள் கூடவே அசைகின்றன. கடைசிச் சரணம், சொல் சொல்லாக இழுத்து விம்மி அடங்கவேண்டிய இடம். பாடகரோ அதே துள்ளலில் முடித்துவிடுகிறார்.

"நாசமறுப்பார்! சொந்தப் பாட்டையே மறந்திட்டினம்," என்று செருப்பைக் காலால் தேடுகிறாள். "கடைசியில விம்மி விம்மியெல்லே பாடுறவர்?"

எமிலியானுஸ் தன் வலது கையைப் பார்க்கிறார். "அவர் விம்மேல்லையப்பா. சுத்திச் சுத்தி என்ர கைதான் சோர்ந்து கசெற் இழுபட்டது."

கைதட்டலுக்கு நடுவே அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்புகிறாள்.

"அந்தச் சரணத்தைக் கேட்டுத்தானே நான் உங்களைக் கட்ட ஓமெண்டனான்!"