சாய்ந்து நிற்கும் பெண்கள்

"ஏத்திக்கிட்டுப் போக ஒண்ணும் இல்லைங்க மேடம். வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க."

கதவைத் திறந்தவள் 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அலுத்துப்போயிருந்தாள்.

வாசலில் நின்ற பெண்மணி பீங்கான் சிற்பக் கண்காட்சி நடத்துகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு மண்ணையே தொடாமல் இருந்தவளைத் தேடிப் பிடித்துக் கண்காட்சியில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தவர். "ஐந்து பெண்கள் செய்கிறேன். யார் மேலும் சாயாமல் தன் காலில் நிமிர்ந்து நிற்கிற பெண்கள்" என்று இவள் சொல்லியிருந்தாள்.

"கண்ணால பார்க்கவாவது விடுங்க" என்று அவர் உள்ளே வந்தார்.

பின்பக்க அறையில் மின்சூளை திறந்து கிடந்தது. உள்ளே ஒரு முழ உயரத்தில் ஐந்து உருவங்கள். ஒன்றுகூட நேராக இல்லை. சூடு மிஞ்சியதில் இடுப்பு மடங்கி, ஒருத்தி தோளில் இன்னொருத்தி சரிந்து, மேல்பூச்சு உருகி, பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பழைய சூளை. தானா அணையாது. நேரம் பார்த்து நாமதான் சுவிட்சை அணைக்கணும். அதுக்குத்தான் போன்ல அலாரம் வச்சுட்டு அத்தை கட்டில் பக்கத்துல உட்கார்ந்தேன். கண்ணு சொருகிடுச்சு."

"அலாரம் அடிக்கலையா?"

அவள் பக்கத்து அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமியார் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்காகப் படுக்கையில். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் இவள்தான். இரவிலும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் மண். அந்த மண்ணைக் கண்டாலே மாமியாருக்கு ஆகாது. வீட்டைச் சேறாக்குவதற்குப் பெயர் கலையா என்று கேட்பார். மருமகளை 'மண்ணாங்கட்டி' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று இவள் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கட்டில் காலி. மாமியார் நடைவழியில் தரையில் கிடந்தார். அலாரத்தை அணைத்து, போனை மடியில் செருகி வைத்திருந்தார்.

"முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு, கைக்குழந்தை மாதிரி கிடந்தாங்க மேடம். புத்தி தடுமாறுது, எங்கேயோ கிளம்பிட்டாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றார். எனக்கு அப்படித் தோணலை. போனை ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. எனக்குன்னு ஒண்ணு நல்லா வந்துடக் கூடாது, அவ்வளவுதான்."

எதுவாக இருந்தாலும் இனி தன்னால் முடியாது என்று கணவனிடம் சொல்லிவிட்டாளாம். மதியம் நாத்தனார் வந்து தாயை அழைத்துப் போகிறாள். அங்கே எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் பூட்டிய வீட்டில் தனியாகத்தான் கிடக்க வேண்டும். அது தெரிந்து மாமியார் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் செய்யறது தப்பா மேடம்?"

"களைச்சுப் போயிருக்கீங்க. எனக்கு அதுதான் தெரியுது."

அவர் சூளைக்குள் எட்டி வெகுநேரம் பார்த்தார். "யார் யாரைத் தாங்கறாங்கன்னே சொல்ல முடியலை. இதை இப்படியே கொடுங்களேன்" என்றார். கெட்டுப்போனதைப் போய் யாராவது நாலு பேர் முன்னால் வைப்பார்களா என்று மறுத்துவிட்டு, அவள் டீ போடப் போனாள்.

வந்ததற்கு மாமியாரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் அடுத்த அறைக்குள் நுழைந்தார். கட்டிலடியில் கட்டி வைத்த துணிப்பை இருந்தது. படுத்திருந்தவரின் முழங்கையில் விழுந்த காயம் கறுத்திருந்தது.

"பொம்மைங்களை எடுத்துக்கிட்டீங்களாம்மா?" என்று மாமியாரே கேட்டார்.

"இல்லைங்க. எல்லாம் சாய்ஞ்சு போச்சு."

"மண்ணுதானே, கொஞ்சம் கூட வெந்தா என்ன ஆயிடும், சோறா குழைஞ்சு போறதுக்குன்னு நினைச்சுட்டேன்."

டீயோடு வந்த மருமகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் அவளைக் கவனிக்கவில்லை.

"அந்தப் போனை ஏம்மா எடுத்தீங்க? கேட்டதுக்கு வாயே திறக்கலையாமே."

"அவ வேலையைக் கெடுத்தது கெடுத்தாச்சு. உனக்காகத்தான் கெடுத்தேன்னு வேற சொல்லிக்காட்டணுமா?"

"அவங்களுக்காகவா?"

"பின்னே? நான் படுத்ததுலேர்ந்து அவ அசந்து தூங்கி நான் பார்த்ததில்லை. அன்னைக்கு உட்கார்ந்த வாக்குலேயே என் கால்மாட்டுல தலையைச் சாய்ச்சுட்டா. இந்தச் சனியன் கத்திச்சு. எழுந்துடுவாளேன்னு அணைச்சேன். ஒரு சுவிட்சுதானே, நாமளே சுவத்தைப் புடிச்சுக்கிட்டுப் போய் அணைச்சிடுவோம்னு இறங்கினேன். நடைவழியிலேயே விழுந்துட்டேன்."

மருமகள் உள்ளே வந்து டம்ளரை வைத்தாள். கட்டிலடியில் குனிந்து பையை இழுத்து, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "விழுந்ததும் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே அத்தை?"

"குரலா? நான் முனகினாலே முழிச்சுக்குவியே மண்ணாங்கட்டி" என்றார் மாமியார். "அதனாலதானே முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன்."