நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

இந்தப் புத்தகம் எரிந்தால் நூலகத்துக்குச் செலஸ்தீ கட்ட வேண்டியது இருநூற்று எண்பத்தைந்து ரூபாய்.

விலை பின்னட்டையில் இருந்தது. வரிசையில் நிற்கும்போது இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மாதா கோயில் முற்றத்தில் பழைய தகரத் தொட்டி ஒன்று. பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் புட்டி. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு நின்றார்.

கடவுள் இல்லை என்று சொல்லும் கதைப் புத்தகம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த ஞாயிறு முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை கிடையாது. பூசை முடிந்ததும் அறிவித்துவிட்டார்கள்.

வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. மகள் ரெக்ஸி தினமும் போட்டுப் பார்த்துக் கழற்றி வைக்கிறாள்.

இதை இழுத்துவிட்டதும் ரெக்ஸிதான். ஞானோபதேச வகுப்பில் எழுந்து கேட்டிருக்கிறாள். "நாற்காலி காலியா இருந்தா நம்ம செபம் எங்க போவும்?"

அது புத்தகத்தில் வரும் நாற்காலி.

விடாமல் பெய்யும் மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்க, உலகத்தைச் செய்தவரைத் தேடி ஒரு சிறுமி கடல்குதிரையில் ஏறிப் போகிறாள். ஏழு மேகம் தாண்டுகிறாள். கதவைத் திறக்கிறாள். நாற்காலி காலி. மேலே கனத்த தூசி. யாரும் ஒருநாளும் உட்கார்ந்த தடம் இல்லை.

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்.

செலஸ்தீ அதுவரைக்கும் படித்து வந்திருந்தாள். கதையில் கீழே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.

உப்பளத்தில் வேலை பார்க்கிறவளுக்கு மழை என்றால் என்னவென்று தெரியும். ஒரு ராத்திரி மழை, ஒரு மாத உப்பு கரைந்து போகும். கூலியும் அதோடு போகும். ஒவ்வொரு கார்த்திகையிலும் அவளும் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

நாற்காலி காலி என்றால் பிறகு மழையை நிறுத்துவது யார்?

ரெக்ஸி முழுக்கப் படித்துவிட்டாள். முடிவைச் சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்லாத. நானே வாறேன்" என்றாள் அவள்.

முப்பத்தெட்டு வயதில், கூலிச் சீட்டில் கைநாட்டு வைக்கக் கூசி, எழுத்துப் படித்தவள். விரல் வைத்துத்தான் வரி நகரும். விரலெல்லாம் உப்பு வெடிப்பு. ஒரு நாளைக்கு நாலு பக்கம், மிஞ்சினால் ஐந்து.

முன்னால் நின்றவர்கள் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். நாலு புத்தகம் தொட்டிக்குள் விழுந்தது.

"கொண்டா செலஸ்தீ."

"அடுத்த வாரம் தாறேனே ஐயா."

"எதுக்கு?"

"பதினஞ்சு பக்கம் கெடக்கு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"பிள்ளைக்கு வாங்கிக் குடுத்துட்டு ஆத்தாக்காரில்லா படிக்கா" என்றாள் ஒருத்தி.

உபதேசியாரும் சிரித்தார். "முடிவுதான வேணும்? நான் சொல்லுதேன். கடவுள் இல்லன்னு முடியும்."

"நீங்க படிச்சியளா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். பிடித்து இழுத்தார். அவள் விடுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

புத்தகம் இரண்டு கைக்கும் நடுவில் நழுவி அவர் கால்மேல் விழுந்தது.

அவர் பதறிப்போய்க் குனிந்தார். எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

எழுத்தின் மேல் கால் பட்டால் எல்லோரும் செய்வதுதான். செய்தபிறகுதான் அவருக்கு என்ன செய்தோம் என்று தெரிந்தது.

முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் தொட்டியில் எண்ணெயை ஊற்றினார். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவதில் பற்றியது.

தன்னுடையது விழுவதைப் பார்க்க அவள் நிற்கவில்லை. ரெக்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உப்பளத்திலிருந்து நேரே நூலகத்துக்குப் போனாள். கங்காணியிடம் முன்பணம் கேட்டு வாங்கிய ரூபாய் முந்தானையில் இருந்தது. முடிச்சை அவிழ்த்தாள்.

நூலகர் அம்மா பதிவேட்டைப் புரட்டினாள்.

"உங்க கணக்கு முடிஞ்சு போச்சேக்கா. நேத்து சாயங்காலம் உபதேசியார் வந்து கட்டிட்டாரு."

"எரிஞ்சு போச்சுன்னு சொன்னாரா?"

"இல்ல. தொலஞ்சு போச்சுன்னு எழுதச் சொன்னாரு."

செலஸ்தீ பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து வாசித்தாள். தொ, லை, ந், த, து. அப்படித்தான் இருந்தது.

"இன்னொண்ணும் கேட்டாரு" என்றாள் நூலகர். "இதுக்கு ரெண்டாம் பாகம் வந்தா முதல்ல தன்கிட்ட சொல்லணுமாம். பிள்ளைங்க கையில கெடச்சிரக் கூடாதாம். ரெண்டாம் பாகமே கெடையாது, அதோட கத முடிஞ்சிட்டுன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அந்த அலமாரியையே பாத்துக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம்."

நூலகர் சிவப்பு மையால் இருநூற்று எண்பத்தைந்தின் குறுக்கே கோடு போட்டாள். அதன் பக்கத்தில் செலஸ்தீ கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயர், ஒரு எழுத்தும் விடாமல்.

ரூபாயைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெளியே வந்து, வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, மிச்சப் பதினைந்து பக்கத்தைத் தேடி உபதேசியார் தெருவுக்குத் திரும்பினாள்.