இரவல் போன அம்மி

மலாயாவின் மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்த மறுமாதம், குருபோங்கில் நண்பனுக்குக் கல்யாணம் என்று லோரி ஓட்டும் மருதமுத்து தன் வீட்டு அம்மியைத் தூக்கிப் போனான். வாரம் கடந்தும் அது காஜா பேராங் வீட்டுக்குத் திரும்பவில்லை. அண்டை வீட்டில் மிளகாய் அரைத்து அரைத்து அவன் மனைவி அஞ்சலைக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது.

வாசலில் மாட்டுவண்டி நின்றது.

"அக்கா, நான் பொண்ணோட அண்ணன் சின்னப்பா. அம்மியைக் கொண்டாந்திருக்கேன்."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மஞ்சள் பூசிக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். மாப்பிள்ளைக்காவது புத்தி வேணாம்?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. கூடப்பிறந்த அக்கா வீட்டு அம்மி, ராசியானதுன்னு மச்சான் சொன்னாரு."

"எனக்குத் தம்பியே கிடையாதே. அவர் பேரென்ன?"

"மருதமுத்து."

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"அம்மியை இறக்காதீங்க, வண்டியைத் திருப்புங்க. அந்தக் கல்லுல உங்க மச்சான் முதல்ல தூக்கி வச்சது என் காலைத்தான்."