குமுதா பார்த்த இங்கிலீஷ் படங்கள்

கல்யாணமாகி காரைக்குடியிலிருந்து பினாங்குக்கு வந்த குமுதாவை இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்ததே கணவன் கோகுலன்தான். டீச்சர் சொன்னபடி வீட்டில் ஓயாமல் இங்கிலீஷ் படமும் போட்டுக் காட்டினான்.

ஒரு வருஷம் கழித்துப் பேச்சுத் தேர்வு. டீச்சர் துருவித் துருவிக் கேட்டும் குமுதா "எஸ் டீச்சர்" என்பதைத் தாண்டவில்லை.

கோகுலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்குத்தான் புரியாதே என்ற தைரியத்தில், காரில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நண்பன் ஹைருலுக்குப் போன் போட்டு மலாயில் கொட்டித் தீர்த்தான். அவள் மண்டை, தன் மாமியாரின் வாய், நேற்றைய சாம்பார், ஒன்றையும் விடவில்லை.

போனை வைத்ததும், "இத்தன படம் பாத்து என்னதான் கத்துக்கிட்ட லா?" என்றான்.

"அவங்க பேசுறது எங்கங்க புரியுது? கீழ மலாய்ல எழுத்து ஓடுதுல்ல, அதப் படிச்சுதான் கத பாப்பேன்," என்றாள் குமுதா. "இனிமே சாம்பார் நீங்களே வைங்க. எங்கம்மா வாயப் பத்தி அவங்களே போன்ல பேசுவாங்க."